புல்லுக்குப் பாய்ந்த நீர் திரும்புவதில்லை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் பாலைவன நகரம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 4 அங்குலம். குடிநீரில் ஏறக்குறைய 90 விழுக்காடு கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரி முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த 1937-க்குப் பின், 2022 ஜூலையில்தான் அவ்வளவு கீழே இறங்கியது.

அங்கே புல்வெளிக்கு நீர் விடக் கட்டுப்பாடு உண்டு. குளிர்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வாரத்தில் ஒரே நாள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 3 நாள். கோடையில் காலை 11 மணி முதல் மாலை 7 மணி வரை தெளிப்பான் ஓடக்கூடாது. ஞாயிறு எந்தப் பருவத்திலும் கிடையாது.

குளியலறையை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்? இதை ஒவ்வொரு வீட்டுக்கும் புரியவைப்பதுதான் முக்கியம். வீட்டுக்குள் குளிக்கவும் துவைக்கவும் செலவான நீர் ஏறக்குறைய முழுவதும் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், மறுபடியும் மீட் ஏரியைச் சேர்கிறது. திருப்பி விட்ட அளவுக்கு நகரம் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கொலராடோவைப் பங்கிட்டுக்கொள்ளும் 7 மாநிலங்களில் ஆகக் குறைந்த பங்கு பெற்ற நெவாடா பிழைத்திருப்பது இந்தக் கணக்கால்தான். புல்லுக்குப் பாய்ந்த நீரோ வெயிலோடு போய்விடுகிறது. ஒரு சதுர அடிப் புல் ஆண்டுக்குக் குடிப்பது 73 கேலன், அதாவது சுமார் 276 லிட்டர்!

விதியை மீறுகிறவர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. தெளிப்பானை இயக்குவது சுவரில் மாட்டிய டைமர். கோடைக்கு வைத்த நேரம் குளிர் வந்த பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஆள் தூங்கும் நேரத்தில் நீர் நடைபாதையில் வழிந்தோடும். மறதிக்கு அபராதம் மட்டும் மருந்தாகாது. பருவம் மாறும்போதெல்லாம் நினைவூட்ட வேண்டும், காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புல்லைப் பெயர்த்துப் பாலைவனச் செடி நடுவோருக்கு நீர் வாரியம் சதுர அடிக் கணக்கில் பணம் தருவது நல்ல வழி.

அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு, 2026 முடிந்தபின் கொலராடோ நீர் பாய்ச்சக்கூடாது என்று 2021-இல் நெவாடா சட்டம் இயற்றியது. வணிக வளாகங்களுக்கும் சாலை நடுவிலுள்ள புல் திட்டுகளுக்கும் அது பொருந்தும், தனிவீடுகளைத் தொடவில்லை. அங்கே பொறுப்பு வீட்டுக்காரருடையது. நவம்பர் பிறந்ததும் டைமரை மாற்றி வைக்கச் சில நிமிடம் போதும்.