பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் அதிகாரம்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி குடியிருப்போரின் நிலைப்பாடு

அம்பத்தூரில் குடியிருக்கும் ஒருவர் வீட்டுவரி கட்டுவது பெருநகர சென்னை மாநகராட்சிக்கு. அவருடைய தாலுகா 2018ஆம் ஆண்டிலிருந்து சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அவர் தெருவில் இரவு நேரத்தில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்துவிட்டால் அதை விசாரிக்க வரும் காவல் நிலையம், 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று ஏற்பட்ட ஆவடி போலீஸ் கமிஷனரகத்துக்குக் கட்டுப்பட்டது. ஆவடிக்காரரோ, 2019ஆம் ஆண்டில் நகராட்சி நிலையிலிருந்து உயர்ந்து 48 வார்டுகளோடு அமைந்த தம் சொந்த மாநகராட்சிக்கு வரி செலுத்தி, திருவள்ளூர் கலெக்டரின் நிர்வாகத்தில் வாழ்ந்து, அதே கமிஷனரைத் தம் பந்தோபஸ்துக்கு நம்பியிருக்கிறார். பூந்தமல்லியார் ஒரு நகராட்சிக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கும் அந்தக் கமிஷனரே. ஆக, இரண்டு மாவட்டங்களிலும் மூன்று ஸ்தல ஸ்தாபனங்களிலுமாகப் பிரிந்து கிடக்கும் நம் வட்டாரத்துக்குப் போலீஸ் நிர்வாகம் மட்டும் ஒன்றாக இருக்கிறது. அந்த ஒரு நிர்வாகத்தைப் பார்த்து, ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பகிரங்கமாக ஒரு கேள்வி கேட்பதற்கு இம்மூன்று மன்றங்களில் எதிலும் சட்டம் தனியாக ஓர் இடம் வகுத்துத் தரவில்லை. அந்த இடம் ஏற்பட வேண்டும் என்பதே, இவ்வட்டாரக் குடியிருப்போர் சங்கத்தாராகிய நாங்கள் தீர யோசித்து எடுத்திருக்கும் முடிவு.

சென்னை மாமன்றத்திலும் ஆவடி மாமன்றத்திலும் பொதுப் பாதுகாப்புக்கென ஒரு நிலைக்குழுவும், பூந்தமல்லி நகர்மன்றத்தில் அதற்கு இணையான ஒரு சிறு குழுவும் அமைய வேண்டும். அம்பத்தூர் மண்டலத்தின் 79 முதல் 93 வரையிலான வார்டுகளின் உறுப்பினர்களும், ஆவடி, பூந்தமல்லிக் குழுக்களின் அங்கத்தினர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே கூட்டுக் குழுவாக அமர வேண்டும். சட்டம் ஒழுங்கு, போக்குவரத்து, தீயணைப்பு ஆகியவற்றின் வட்டார அதிகாரிகள் அந்தக் கூட்டத்துக்கு வந்து விளக்கம் அளிக்கும்படி மாநில அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். அக்குழுவுக்குக் கேட்கவும், ஆராயவும், ஆராய்ந்ததை வெளியிடவும் அதிகாரம் இருக்கட்டும். கட்டளையிடும் அதிகாரம் வேண்டாம். இந்தப் பிரிவினையை நாங்கள் மிகவும் கவனித்துச் செய்திருக்கிறோம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பின்மாலை ஷிஃப்ட் முடிந்து பட்டரவாக்கம் ரயில் நிலையத்துக்கு நடந்துவரும் ஒரு பெண் தொழிலாளியின் வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவள் தலைக்குமேல் எரிய வேண்டிய விளக்கு மாநகராட்சியுடையது; அவள் தவறவிட்ட பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது; நடைமேடை ரயில்வேயின் அதிகாரத்தில் அடங்கியது; அவ்வழியே சுற்றிவர வேண்டிய ரோந்து வண்டி ஆவடி கமிஷனரகத்துடையது; மூலையில் இருக்கும் காமிரா, பெரும்பாலும் கடைக்காரர்கள் பணம் போட்டு வாங்கி மாட்டியது. இவற்றில் ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காகவே இருக்கலாம். ஆனால் விளக்கு எரியாத இரவும், ரோந்து வராத இரவும், பஸ் வராத இரவும் ஒரே இரவாக அமைந்துவிட்டால், அந்தச் சேர்க்கைக்குப் பதில் சொல்லும் கடமை எந்த ஓர் அலுவலகத்தையும் சாராமல் போகிறது. விளக்கில்லாத தெருக்களையும் ரோந்து நேரங்களையும் களவுப் புகார்களையும் ஒரே மேஜையின்மேல் விரித்து வைத்துப் பார்ப்பவர் எவரும் இல்லாததே இன்றைய குறை. நிர்பயா நிதியின் உதவியோடு சென்னை மாநகராட்சி ஏற்படுத்திய பாலின மற்றும் கொள்கை ஆய்வகம் இத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட நல்ல அடி என்பதை மனமாரச் சொல்கிறோம். ஆயினும் ஆய்வகம் ஆலோசனை சொல்லலாமே ஒழிய, ஒரு துறையின் அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்கும் ஸ்தானம் ஜனப் பிரதிநிதிகளுக்கே உரியது.

காமிராக்களைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். 'மூன்றாவது கண்' என்ற பெயரில் சென்னைப் போலீசார் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இயக்கத்தில் வியாபாரிகளும் குடியிருப்போரும் உற்சாகத்தோடு பணம் கொடுத்தார்கள். பல குற்றங்களைத் துப்புத் துலக்க அவை உதவின என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் மழையில் பழுதான காமிராவைச் சரிசெய்வது யார், பதிவுகள் எத்தனை நாள் பாதுகாக்கப்படுகின்றன, அவற்றை யாரெல்லாம் பார்க்கலாம், தம் வீட்டு வாசலைப் பார்த்திருக்கும் ஒரு காமிராவை அகற்றச் சொல்ல ஒரு பிரஜைக்கு உரிமை உண்டா என்ற கேள்விகளுக்கு, பணம் கொடுத்தவர்களுக்குக்கூட விடை கிடைப்பது அரிது. ஜனங்களுடைய பணத்தால் ஜனங்களைப் பார்க்கும் ஒரு கருவிக்கு ஜனங்களின் மன்றத்தில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்று கேட்பது எந்த நியாயத்துக்கும் புறம்பானதன்று.

போலீஸ் என்பது அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் விஷயம். அதில் நகரமன்றங்களுக்கு என்ன பங்கு என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஆட்சேபம் சட்டப்படி சரியே; ஆனால் அது பாதி நியாயமே. 1993ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமலுக்கு வந்த 74ஆவது திருத்தம் நகரங்களுக்கென வகுத்த பன்னிரண்டாவது அட்டவணையில், தீயணைப்பு ஏழாவது இனமாகவும், தெருவிளக்கும் வண்டி நிறுத்தங்களும் பஸ் நிறுத்தங்களும் பதினேழாவது இனத்திலும் இடம்பெற்றிருக்கின்றன. பம்பாயில் தீயணைப்புப் படையையே மாநகராட்சி நடத்திவருகிறது. தமிழ்நாட்டிலோ அது மாநில அரசின் துறை. சென்னை மாமன்றத்தின் நிலைக்குழுக்களை எடுத்துக்கொண்டால் கணக்குக்கும் கல்விக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் வரிவிதிப்புக்கும் நகரமைப்புக்கும் பணிகளுக்கும் குழுக்கள் இருக்கின்றன, பாதுகாப்புக்கு இல்லை. போலீஸ் மானியக் கோரிக்கையின்மேல் சட்டசபை ஆண்டுதோறும் விவாதிக்கிறது. பார்லிமெண்டின் உள்துறை நிலைக்குழு டில்லி போலீசின் விவகாரங்களை ஆராய்கிறது. மேலே செல்லுபடியாகும் இந்த நியாயம், பாதுகாப்பு உண்மையில் அனுபவிக்கப்படும் தெருவுக்கு வந்தவுடன் ஏன் நின்றுவிட வேண்டும்?

இந்த நிலைக்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டு நகராட்சிகள் பலவும் தங்கள் வருவாயிலிருந்து போலீசுக்குப் பணம் கட்டிவந்தன. தங்களுக்கு எவ்வித ஆதிக்கமும் இல்லாத ஒரு படையின் செலவை நகராட்சிகள் சுமப்பது முறையன்று என்பதைக் கொள்கையாக ஏற்று, அந்தப் பணத்தைக் கல்விக்கும் வைத்தியத்துக்கும் திருப்பிவிட வழிகாட்டியவர், சென்னை மாநகராட்சியின் மாளிகை இன்றும் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த ரிப்பன் பிரபு. அன்றைய நிலையில் அது நியாயமான நிவாரணம். ஆனால் செலவு நீங்கியபோது, அதைப் பற்றிக் கேட்கலாம் என்ற எண்ணமும் கூடவே நீங்கிவிட்டது. இன்று விளக்கு, நடைபாதை, சாலைத் தடுப்பு, காமிரா என்று வேறு வழிகளில் பாதுகாப்புக்கான செலவு ஸ்தல ஸ்தாபனங்களிடமும் குடியிருப்போரிடமும் திரும்பி வந்திருக்கிறது. கேள்வி மட்டும் திரும்பி வரவில்லை.

கட்டளையிடும் அதிகாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கும் சரித்திரமே காரணம். இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், ஒவ்வொரு நகரமன்றமும் காவற்குழு ஒன்றை நியமித்து அதன்மூலம் காவலர்களை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. நியமனமும் நீக்கமும் அக்குழுவின் கையிலேயே இருந்தன. நூற்றாண்டுக்கு மேல் நடந்த அந்த ஏற்பாட்டின் பலவீனம் 1959ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் நகரில் பளிச்செனத் தெரிந்தது. மன்ற உறுப்பினர்கள் சிலர்மீது எழுந்த சந்தேகத்தை அந்நகரத்துப் போலீஸ் தலைவர் பாப்கெஸ் விசாரிக்கத் தொடங்க, அவ்விசாரணையின் அறிக்கையைத் தங்களிடம் தரும்படி காவற்குழு கேட்க, அவர் மறுக்க, குழு அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கிவிட்டது. உள்துறை மந்திரி தலையிட்ட பின்பே அவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். ராயல் கமிஷன் ஒன்று கூடுவதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று; 1964ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் காவற்குழுக்களுக்கு முடிவு கட்டியது. விசாரிக்கப்படுகிறவரே விசாரிக்கிறவரின் எஜமானராக இருக்கலாகாது என்ற பாடம் நம் ஊருக்கும் பொருந்தும். நாட்டிங்ஹாமைவிட நம் ஊரில் அதற்கு அவசியம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகையால் எல்லைக்கோட்டை நாங்களே வரைந்து காட்டுகிறோம். குறிப்பிட்ட எந்த வழக்கைப் பற்றியும் குழு பேசலாகாது. யாரைக் கைது செய்வது, யாரை விடுவது என்பதில் கவுன்சிலர் ஒருவர் காவல் நிலையத்துக்குச் சிபாரிசு செய்வதை இந்த ஏற்பாடு ஒருபோதும் மறைமுகமாக அங்கீகரித்துவிடக் கூடாது. ஆய்வாளர்களின் இடமாற்றம் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறக் கூடாது. புகார் கொடுத்தவரின் பெயரோ முகவரியோ, விசேஷமாகப் பெண்களும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட விஷயங்களில், கூட்டத்தின் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது.

எதிர்ப்புறத்திலும் ஓர் அபாயம் உண்டு. பிரஜைகளைப் போலீசாரே தேர்ந்தெடுத்துத் தங்களுக்குத் துணையாக வைத்துக்கொண்டால் அது மேற்பார்வை ஆகிவிடாது. 1993ஆம் ஆண்டில் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு பிறந்து மாநிலமெங்கும் பரவிய போலீஸ் நண்பர்கள் குழு, 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்த கொடுமைக்குப் பிறகு, அடுத்த மாதமே அரசால் தடைசெய்யப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போலீசார்மீதான புகார்களை விசாரிக்க ஆணையங்கள் வேண்டும், அவற்றுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகளே தலைமை ஏற்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்க, 2013ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமோ மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரைத் தலைவராக்கியது. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரு போலீஸ்காரரின் நடத்தையை விசாரிப்பது வேறு, ஒரு வட்டாரத்தின் பாதுகாப்பு எப்படி நடக்கிறது என்று ஆராய்வது வேறு; நாங்கள் கேட்கும் குழு இரண்டாவது காரியத்துக்கே.

தீயையும் கட்டடத்தையும் இக்குழுவின் கவனத்தில் நாங்கள் வற்புறுத்திச் சேர்ப்பதற்குக் காரணம் கும்பகோணம். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கூரை வேய்ந்த பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் வெந்து மாண்டார்கள். பள்ளிக்கு அங்கீகாரம் அளிக்க ஓர் அலுவலகமும் கட்டடத்தைப் பார்க்க வேறோர் அலுவலகமும் இருந்தும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 'இது ஆபத்து' என்று சொல்லும் கண் ஒன்று இல்லாமற்போயிற்று. நமக்கு மிக அருகிலேயே, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் இடிந்து விழுந்த பதினொரு மாடிக் கட்டடம் 61 பேரைப் பலிகொண்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் குறுகிய சந்துகளில் ரசாயனமும் ரப்பரும் துணியும் பக்கத்துப் பக்கத்து ஷெட்டுகளில் குவிந்திருக்கையில், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் மாநகராட்சியின் தொழில் உரிமமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பகிரங்கமாகக் கேட்பது அத்தியாவசியம்.

வெள்ளமும் அப்படியே. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டை நீரில் மூழ்கிய நாட்களில் போலீசார், தீயணைப்பு வீரர்கள், மாநகராட்சிப் பணியாளர்கள் எல்லோரும் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி உண்டு. ஆனால் ஏரிகளின் உபரிநீரும் மழைவடிகாலும் நகராட்சி எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. நீர் வடிந்தபின் மூன்று மன்றங்களும் ஒன்றாக அமர்ந்து, எந்த எச்சரிக்கை எப்போது எந்தத் தெருவை எட்டியது என்று கணக்குக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அடுத்த மழைக்கு அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

இப்போதே கையில் இருக்கும் ஒரு கருவியையும் பயன்படுத்தலாம். 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாக ஏரியா சபைகள் கூடின. அச்சபைகளில் ஜனங்கள் சொல்லும் பாதுகாப்புக் குறைகள் வார்டு கமிட்டியைத் தாண்டி மேலே செல்ல ஒரு பாதை வேண்டும். நாங்கள் கோரும் குழு அந்தப் பாதையின் மறுமுனையாக இருக்கும்.

முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்: பாடியிலிருந்து அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை செல்லும் சி.டி.எச். ரோடு. இரண்டு மாநகராட்சிகளின் எல்லைகளும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பும் ஒரு கமிஷனரகத்தின் ரோந்தும் சந்திக்கும் அச்சாலையின் விளக்குகள், விபத்து நிகழும் இடங்கள், பாதசாரிகள் கடக்கும் வழிகள், தீயணைப்பு வண்டி வந்துசேர எடுக்கும் நேரம் ஆகியவற்றைக் குழு நான்கு கூட்டங்களில் ஆராய்ந்து, தன் அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு வார்டு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். இக்கோரிக்கையைச் சென்னை, ஆவடி மேயர்களுக்கும், பூந்தமல்லி நகர்மன்றத் தலைவருக்கும், உள்துறைக்கும், நகராட்சி நிர்வாகத் துறைக்கும் எழுத்து மூலமாகச் சமர்ப்பிக்கிறோம். குழு அமைந்தால் எங்கள் சங்கங்கள் தெருவாரியாகச் சேகரிக்கும் விளக்குக் கணக்கை அதன் முதல் கூட்டத்திலேயே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம்.