ஏற்காட்டில் ஒரு மாதம்... படகு விட அல்ல!

மே மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பேருந்தில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு என்று கூட்டம் அலைமோதும். அந்த நெரிசலில் பழைய செய்தித்தாள் கட்டை அணைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவி நின்றால், அநேகமாக அவர் பி.எஸ்சி. தாவரவியல். இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறார்!

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் ஏற்காட்டில்தான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. படகுத்துறையோடு திரும்பிவிடுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

இடம் கேட்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்' என்று பத்து இடத்துக்கு ஒரே கடிதம் போகிறது. 'ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கக் கற்க வேண்டும்' என்று எழுதிப் பார்த்தால் கதையே வேறு. தூசி போன்ற அந்த விதையில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார். இவ்வளவும் படித்துவிட்டு வந்து கேட்கும் பிள்ளைக்கு 'இல்லை' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஏப்ரலில் அவசர அவசரமாகக் கேட்காமல், முந்தைய ஆண்டே கேட்பது நல்லது.

சேர்ந்த பிறகு முதல் வாரம் சப்பென்றுதான் இருக்கும். செடியைச் செய்தித்தாளுக்குள் விரித்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, தினமும் தாள் மாற்ற வேண்டும். மலை ஈரத்தில் ஒரு நாள் மறந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். (இங்கே அது துணை அல்ல, எதிரி!) காய்ந்த செடியைக் கெட்டித் தாளில் பொருத்தி, மூலையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: பெயர், இடம், தேதி, உயரம், சேகரித்தவர். பூவின் நிறம் காய்ந்தால் மாறிவிடும் என்பதால், பறித்த இடத்திலேயே நோட்டில் குறிக்க வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது.

சீட்டில் 'ஏற்காடு அருகே' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தச் சரிவு, எந்த ஓடைக்கரை? சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் அழியும் நிலையில் இருக்கிறது. அப்படி ஒன்றை மறுபடி தேடிப் போகிறவருக்கு வழிகாட்டுவது, என்றோ ஒருவர் எழுதி வைத்த சீட்டுதான்.

"சம்பளம் உண்டா?" என்று வீட்டில் கேட்பார்கள். பல இடங்களில் கிடையாது. மே மாத அறை வாடகையோ எட்டாத உயரம். சேலத்துப் பிள்ளை என்றால் தினமும் சுமார் 30 கிலோமீட்டர் மலையேறி, மாலையில் இறங்கலாம். தர்மபுரி, அரியலூர்ப் பிள்ளை என்ன செய்யும்? பேருந்துச் செலவையாவது கல்லூரிகள் ஏற்றால் என்ன? இல்லாவிட்டால், பணம் கட்டினால் வீட்டுக்கே சான்றிதழ் அனுப்பும் விளம்பரங்களைத்தான் நாடுவார்கள். அதை நீட்டுகிறவரிடம் நேர்முகத்தேர்வில், "தாளை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள்?" என்று கேட்டால் போதும். திருதிருவென விழிப்பார்!