அரக்கனின் நிழலில் ஒளிந்தவர்கள் யார்?

காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டுக் கரையிலும் வாழும் மீனவ மக்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கடலுக்குப் போன படகு, பொழுது சாய்ந்தும் கரை திரும்பவில்லை என்றால் குப்பம் உறங்காது. போனவர் எத்தனை பேர், எந்தத் திசை, கடைசியாகக் கண்டவர் யார் என்று கரையே கணக்குக் கேட்கும். மற்றப் படகுகள் தேடப் புறப்படும். அன்றைய தொழில் நிற்கும். அன்றைய கூலியும் போகும். காணாமற்போனவன் நல்லவனா, குடிகாரனா, கடன்பட்டவனா என்ற விசாரணை அங்கே எழுவதில்லை. அவன் நம்மவன், ஆகவே தேடப்பட வேண்டியவன். அவ்வளவுதான் அவர்களுடைய சட்டம்.

அந்தக் காட்டுப்பள்ளியின் மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய், தெற்கே இறங்கிச் சென்னையை ஊடுருவித் திருவான்மியூரையும் கடந்து செல்கிறது. கால்வாய் ஒன்றுதான், கரையின் நீதி ஒன்றாக இல்லை. 1987, 1988ஆம் ஆண்டுகளில் திருவான்மியூரில் ஆறு மனிதர் கொல்லப்பட்டனர். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் மறைந்தபோது நகரம் விழித்திருந்து தேடியதா? இல்லை. உற்றாரும் உறவினரும் அலைந்தனர், நகரம் உறங்கியது.

கொன்றவனின் பெயரைக் கேட்டால் ‘ஆட்டோ சங்கர்’ என்று சிறுபிள்ளையும் சொல்லும். கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவரின் பெயரையேனும் உங்களால் சொல்ல முடியுமா? அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாண்டவர்களின் துயரத்தை மறுமுறை கடைவீதிக்கு இழுக்கும் உரிமை எனக்கில்லை. கொலையாளிக்கு மணிமண்டபம் கட்டாத குறையாக நினைவு வைத்திருக்கும் சமுதாயம், மாண்டவர்களை ஒரு எண்ணிக்கையாகச் சுருக்கிவிட்டதே, இது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

கொலைக்கதை கேட்க மனம் ஆவலுறுவது இயல்பு. அதைப் பாவம் என்று நான் பழிக்கவில்லை. புலிக்கதை கேட்கும் குழந்தை, பாட்டியின் மடியை விட்டு இறங்குவதில்லை. அச்சமும் வேண்டும், அரவணைப்பும் வேண்டும். ஆனால் அந்த ஆவலை முதலாக்கி வாணிபம் நடத்துகிறார்களே, அவர்களைத்தான் பழிக்கிறேன். 1888ஆம் ஆண்டு இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்கள் ஐவரைக் கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரியாத அவனுக்கு ‘ஜாக் தி ரிப்பர்’ என்று பட்டம்! அதே பகுதியில் பெண்களின் வரலாற்றுக்கு அருங்காட்சியகம் அமைப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கினார்கள்; 2015ஆம் ஆண்டு திரையை விலக்கியபோது உள்ளே இருந்தது அந்தக் கொலைகாரனின் காட்சியகம்! பெண்களின் பெயரால் அனுமதி. அவர்களைக் கொன்றவன் பெயரால் வசூல். வாணிபத்தின் முகத்தை இதைவிடத் தெளிவாக எவர் வரைந்து காட்ட முடியும்?

‘கொலைகாரனின் உள்ளத்தை ஆராய வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். வேண்டும், தாராளமாக வேண்டும். 1960களில் பம்பாயின் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிய ஏழைகளை இரும்புத் தடியால் அடித்துக் கொன்றான் இராமன் இராகவ். அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மனநோய் அறிஞர்கள் அவனை ஆராய்ந்து, தீராத மனச்சிதைவு நோயுற்றவன் என்றனர். 1987இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. இது அறிவியல், இதை வணங்குகிறோம். அவன் ஏன் கொன்றான் என்பதற்கு மனநூல் விடை சொல்லலாம். அவனுக்குக் கையெட்டும் தூரத்தில், கதவும் தாழ்ப்பாளும் இன்றி அத்தனை பேர் ஏன் உறங்கிக் கிடந்தனர் என்பதற்கு மனநூலில் விடை உண்டா? அந்த விடை கொலையாளியின் மண்டைக்குள் இல்லை. நகரத்தை ஆண்டவர்களின் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது.

ஆட்டோ சங்கரின் கதைக்கு மீண்டும் வாருங்கள். கள்ளச் சாராயமும் விபசார விடுதியும் அவன் தொழில். ஊரறிய நடக்கும் இத்தகைய தொழில்கள் காவல் நிலையத்துக்கு மட்டும் தெரியாமல் நடக்குமா? பிடிபட்ட பின்னும், 1990இல் சென்னை மத்திய சிறையிலிருந்தே தப்பிச் சென்றான்! 1991 மே 31ஆம் நாள் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் அவனுக்கு மரணதண்டனை விதித்தது. சிறையில் அவன் முந்நூறு பக்க அளவில் தன் வரலாற்றை எழுதினான் என்றும், உயர் அதிகாரிகள் பலருடன் அவனுக்கிருந்த நெருக்கத்தை அது சொல்கிறது என்றும் கூறி, ஒரு வார இதழ் அதை வெளியிட முன்வந்தது. அவ்வளவுதான்! உறங்கிக் கிடந்த அதிகாரம் துள்ளி எழுந்தது. ‘அவன் எழுதியதே அன்று, வெளியிடக் கூடாது’ என்று 1994 ஜூன் மாதம் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் பறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கொலைகளை நாவூற வருணித்தபோது எந்த அதிகாரியும் கூசவில்லை. கூட்டாளிகள் யார் என்ற பேச்சு எழுந்தபோதுதான் கூசிற்று. 1995 ஏப்ரல் 27ஆம் நாள் சேலம் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். கயிறு ஒருவனை முடித்தது. கேள்வி ஒன்றையும் அவனோடு புதைத்தது. 2019இல் அவன் கதை இணையத் தொடராயிற்று. கேள்வி மட்டும் இன்னும் எழுந்து வரவில்லை!

அரக்கன் கதையின் பயன் இதுதான். அரக்கன் எவ்வளவு பெரிதாக வளர்கிறானோ, அவ்வளவு நீளமாக அவன் நிழல் விழும். அந்த நிழலில் ஆயிரம் பேர் ஒளியலாம்.

வடக்கே நொய்டாவை அடுத்த நிதாரியில் ஏழைகளின் குழந்தைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பெற்றோர் காவல் நிலையத்தின் படியேறினர்; விரட்டப்பட்டனர். 2006 டிசம்பரில் எலும்புகள் கிடைத்த பிறகே நாடு அலறியது. அந்த வீட்டு வேலைக்காரனை நரமாமிசம் தின்னும் அரக்கன் என்று தீட்டிக் காட்டினார்கள். 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் என்ன சொல்லிற்று? ஏழை வேலைக்காரனை அரக்கனாக்கிக் குற்றத்தை அவன் தலையில் கட்டும் எளிய வழியைப் புலனாய்வு தேர்ந்துகொண்டது என்று கண்டித்து, அவனை விடுவித்தது. 2025இல் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. அப்படியானால் குழந்தைகளைக் கொன்றவர் யார்? விடையில்லை! அரக்கன் கதையை நாம் சுவைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் உண்மையின் தடயங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. நம் சுவைக்கு அந்தத் தாய்மார்கள் கொடுத்த விலை அது.

ஆகவே, தோழர்களே, கதை கேட்டது போதும், கடமைக்கு வாருங்கள். காணாமற்போன குழந்தையைப் பற்றிப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீரவேண்டும் என்று 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கிறது. அதைக் காவல் நிலையத்து மேசைக்குக் கொண்டுசெல்லக் கால்கள் வேண்டும். அந்தக் கால்கள் உங்களுடையவை. உங்கள் தெருவில் ஒரு தாய் ‘என் மகளைக் காணோம்’ என்று கதறினால், ‘எவனோடாவது ஓடியிருப்பாள்’ என்று எந்த வாயும் சொல்ல விடாதீர்கள். அவளோடு நடந்து போங்கள். புகாருக்கு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பழவேற்காட்டுக் கரையின் எளிய மக்களுக்கு எந்த மனநூலும் இதைக் கற்பிக்கவில்லை. ஓர் ஆள் குறைந்தால் ஊரே தேடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அரக்கர்கள் கரு உருவாவது மனித மூளையில் என்றால் ஆகட்டும். அவர்கள் வளர்வது, தேட ஆளில்லாத தெருக்களில். அந்தத் தெருக்களில் நாம் இருப்போம்!