பச்சமலைக்கு எதுக்குங்க பிஎச்டி?

போன வாரம் ஆபீஸ் டீ பிரேக்ல ஒரு பேச்சு. நண்பரோட தங்கச்சி பிஎச்டி பண்ணப் போறாங்களாம். பழங்குடி அரசியல், குடியேற்றக் காலனியம்னு தலைப்பு. "இதெல்லாம் படிச்சா சோறு போடுமா?"ன்னு ஆளாளுக்கு நக்கல். நானும் சிரிச்சு வச்சேன். ராத்திரி மனசு உறுத்துச்சு, அதான் இந்தப் பதிவு.

நமக்குச் சொந்த ஊர் அரும்பாவூர். ஊரை ஒட்டியே பச்சமலை. மேல இருக்கறவங்க மலையாளிப் பழங்குடிகள். கேரளாக்காரங்கன்னு நினைச்சுக்காதீங்க, பேசறது தமிழ்தான்.

1976 சட்டத்திருத்தத்துல மலையாளிகளைப் பழங்குடின்னு ஒத்துக்கிட்டது ஆறு மாவட்டத்துல மட்டும். எங்க மலை அப்போ திருச்சி மாவட்டம், அதனால உள்ள. பர்கூர் மலை கோயம்புத்தூர் மாவட்டம், அதனால வெளிய. அதே மலையாளி மக்கள்தான்! நம்ம பொழப்புல ஒரு இஃப் கண்டிஷன் தப்பாயிட்டா பக் ரிப்போர்ட் வரும். இங்க ஒரு புள்ளையோட காலேஜ் சீட்டே போச்சு.

இந்தக் கண்டிஷனை எழுதினது யாரு? 1909ல எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதி போட்டார். அவர் மூக்கை அளந்து சனங்களை வகை பிரிச்ச ஆளு. 1965ல லோக்கூர் கமிட்டி. பழங்குடின்னு சொல்ல அவங்க வச்ச அளவுகோல்ல, வெளியாளோட பழகக் கூச்சப்படுறதும் ஒண்ணு. ஒருத்தன் கூச்சப்படலைன்னா அவன் பழங்குடி இல்லையா? என்னங்க நியாயம் இது?

வெள்ளைக்காரன் குடியேறினது என்னைக்கோ நடந்து முடிஞ்ச சம்பவம் இல்ல, இன்னைக்கும் ஓடிட்டிருக்கிற அமைப்புன்னு ஆஸ்திரேலியாவுல பேட்ரிக் வுல்ஃப் எழுதினார். அதை அப்படியே இங்க காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. மலையாளிகளே தங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிங்கன்னுதான் கதை சொல்றாங்க. அப்போ யாரு பூர்வகுடி, யாரு வந்தேறி? இந்தச் சிக்கலைப் பிரிக்கத்தான் சார் அந்தப் படிப்பே!

சோறு போடுமான்னு கேக்கறவங்களுக்கு: யாருக்குச் சோறுங்கறதை முடிவு பண்றதே இந்த வரையறைதான். அதை இதுவரைக்கும் கீழ இருந்து போனவங்கதான் எழுதியிருக்காங்க. பச்சமலைப் புள்ள ஒண்ணு அந்த நாற்காலியில உட்காந்து, நம்மள ஆராய்ச்சி பண்ணி எழுதட்டும். அப்போ தெரியும் நம்ம மூக்கோட அளவு.

டிஸ்கி: தங்கச்சிக்கு வாழ்த்துகள். அன்னிக்கு சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கம்மா :)