இசைத்தட்டும் செக்ரோலும்

சிங்கள மெல்லிசையிலே மின்கிதாரைப் புகுத்தி ஒரு தலைமுறையின் செவியையே மாற்றியவர் யார் எனக் கொழும்பிலே கேட்டால், கிளாரன்ஸ் விஜேவர்தன என்று உடனே விடை வரும். அவர் பிறந்த ஊர் எதுவெனப் பதுளை மாவட்டத்துத் தமிழ் மாணவரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் விழிப்பர். 1943ஆம் ஆண்டு அவர் பிறந்தது அப்புத்தளையில். லிப்டன் துரை தம்பேதன்னைத் தொழிற்சாலையைக் கட்டிய அதே மலைத் தொடரில். நம்மவர் கொழுந்து கிள்ளிய, இன்றும் கிள்ளுகின்ற அதே மூடுபனியில்.

அவருக்குப் புகழ்மாலை சூட்டுவது என் நோக்கமன்று. அதைச் சிங்கள இரசிகர் செவ்வனே செய்து வருகின்றனர். என் வினா வேறு. ஒரே மலையில், ஒரே காலத்தில் ஒருவரின் குரல் இசைத்தட்டில் ஏறியது. அயலிலே லயத்தில் இருந்தவனின் குரல் ஏன் ஏறவில்லை? அதற்கு நமது தமிழாய்வுலகம் கூறிவரும் விடை எத்துணைப் பொய்யானது? இவை பற்றியே எழுத விழைகின்றேன்.

1960களின் நடுப்பகுதியில் அனெஸ்லி மாலேவனவுடன் சேர்ந்து ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவை அமைத்தார் கிளாரன்ஸ். விஜய கொரயா வானொலியில் கைகொடுத்தார். ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ நிறுவனம் இசைத்தட்டு வெளியிட்டது. ‘மேங்கோ நந்தா’, ‘தில்ஹானி’ முதலிய பாடல்கள் தீவெங்கும் பரவின. 1970களில் ‘சூப்பர் கோல்டன் சைம்ஸ்’ குழு. பின்னர் திரைப்பட இசை. 1996இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், மரணம். சொல்லும் மெட்டும் அவருடையவை. கிதாரும் பல வேளைகளிற் குரலும் அவருடையவை. முப்பதாண்டு உழைப்பு தட்டுத் தட்டாகப் பெயரோடும் ஆண்டோடும் எஞ்சி நிற்கிறது. அவரைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய விரும்புவோர் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டியதில்லை.

தமிழிலும் அக்காலத்தில் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை மேடையில் துள்ள வைத்தது. திருகோணமலையிலிருந்து பரமேஷ் வந்தார். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களத்தையும் தமிழையும் ஒரே மூச்சிற் பாடிக் கடல் தாண்டி, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்நாட்டுத் திரைப்படத்திலும் ஒலித்தது. இவற்றைக் கேட்டு முகஞ்சுளித்த பண்டிதர் பலர். இன்றும் சுளிப்போர் உளர். ஆயினும் அப்பாடகருக்குப் பெயர் உண்டு, தட்டு உண்டு, ஏசுவதற்கேனும் ஒரு முகவரி உண்டு. ஊவாத் தோட்டத்துப் பாடகனுக்கு ஏச்சும் கிட்டவில்லை.

“மலையகத்தில் தனிக்கலைஞர் தோன்றவில்லை, அங்கிருப்பவை நாட்டார் பாடல்கள், அவற்றுக்கு ஆசிரியர் இல்லை, சமுதாயமே ஆசிரியர்.” கருத்தரங்கு தோறும் நாம் கேட்கும் வாசகம் இது. கேட்பதற்கு முற்போக்காகவே இருக்கும். ஆனால் சமுதாயம் வாய் திறந்து பாடியதை எவரேனும் கண்டதுண்டா? ஒரு மலையில், ஒரு நிரையில், ஒரு பெண் முதலடியை எடுத்திருப்பாள். கங்காணியின் நடையைக் கேலி செய்யும் உவமை ஒருத்தியின் மூளையில் உதித்திருக்கும். அவள் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்காத குற்றத்தை மறைக்க, பெயரின்மையே நாட்டார் பாடலின் இலக்கணம் என்று வகுத்துவிட்டோம்.

பெயரே பதியப்படாத மக்களா இவர்கள்? இல்லை. தோட்டத்தைப் போல ஆட்களின் பெயரைக் கருத்தாகப் பதிந்த இடம் இந்நாட்டில் வேறில்லை. நாள்தோறும் செக்ரோலில் பேர் விழும். வேலை குறைந்தால் அரைப்பேர்; முரண்டு பிடித்தால் பேர் வெட்டு. என் பாட்டனார் தப்படித்தவர், பாட்டும் கட்டியவர். செக்ரோலில் அவர் பெயர் நாற்பதாண்டுக்கு மேல் இருந்தது. அவர் கட்டிய பாட்டு எதன் மீதும் இல்லை. ‘பதிவு’ என்னும் ஒரே சொல் கூலிக்கணக்கையும் குடியுரிமையையும் ஒலிப்பதிவையும் குறிப்பது தமிழின் தற்செயலாக இருக்கலாம். நமது வரலாற்றில் அது தற்செயலாக இல்லை.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 வரை தொங்கிக் கிடந்தது. நாட்களைக் கவனியுங்கள். மூன்ஸ்டோன்ஸ் குழு ஒலிப்பதிவுக் கூடத்துள் நுழைந்த அதே ஆண்டுகளில், இங்கே குடும்பங்கள் தலைமன்னாருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தன. இசைத்தட்டுக்குத் திறமை மட்டும் போதுமா? கொழும்புக்குப் புகையிரதக் கட்டணம் வேண்டும். பேர் விழாத நாட்களைத் தாங்கும் அடுப்பு வேண்டும். வானொலி வாயிலில் தயங்காமல் நிற்க, ‘நான் இந்நாட்டான்’ என்று சொல்லும் உரிமை வேண்டும். குடியுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் தீர 2003ஆம் ஆண்டு வரை காத்திருந்தோம். கிளாரன்ஸ் மீது எனக்கு வழக்கில்லை. எங்கள் மலையிற் பிறந்த ஒருவர் கூடத்தின் கதவைத் திறந்தார் என்பதில் எனக்குப் பெருமிதமே. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது போலவும், நம்மவர்தாம் போகவில்லை போலவும் எழுதுவோர் மீதே வழக்கு.

பழந்தமிழ்த் தொகுப்பாளர் நம்மைவிட நேர்மையாளர். பாணரின் வாய்மொழி மரபைப் பற்றிப் பேராசிரியர் கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் பெறுகிறோம். அப்பாடல்களைத் தொகுத்தோர் புலவனின் பெயர் தெரியாவிடத்து என்ன செய்தனர்? அவன் சொன்ன தொடரையே அவனுக்குப் பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றழைத்தனர். பெயரற்றவனாக அவனை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. குறுந்தொகைக்கு ஒரு நீதி, கொழுந்து மலைக்கு ஒரு நீதியா?

எழுத்து சிலவற்றைக் காத்தது உண்மை. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடிய பாடல்கள் 1940இல் சிறு நூலாக அச்சேறின. அதனால் அவர் பெயர் நிலைத்தது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாக அலைந்து பாடல்களைத் திரட்டித் தந்தார். அவர் இல்லையேல் நமக்கு அச்சொற்களும் இல்லை. ஆனால் தாளில் இருப்பது சொல் மட்டுமே. ஒப்பாரியில் மூச்சு எங்கே உடைகிறது, தப்பு எந்த அடியில் விலகி மீண்டும் வந்து சேர்கிறது, முதிய குரல் எந்த இடத்தில் வேண்டுமென்றே கரகரக்கிறது என்பதைத் தாள் சொல்லாது. வானொலி நிகழ்ச்சிகளும் ஒலிநாடாக்களும் இறுவட்டுகளும் வந்ததுண்டு, மறுக்கவில்லை. நமது துறைகளில் அவற்றுக்கு அலமாரி உண்டா? நாட்டாரியல் ஆய்வேட்டில் பின்னிணைப்பாக நாற்பது பாடல் அச்சிடுகிறோம், ஒன்றையேனும் கேட்க முடியாது. சமையற் குறிப்பை உண்டு பசியாறுவதற்கு நிகரானது இது.

பதிவு செய்தால் வாய்மொழியின் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோரும் உளர். உயிர் போவது வேறு வழியில். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கே நாட்கணக்காகப் பலவாறு சொல்லப்பட்டது. ஆட்களையே எண்ணி முடிக்க இயலாத இடத்தில் அவர்களோடு போன பாட்டுகளை யார் எண்ணுவது?

ஒலிப்பதிவுக்கு இன்று கொழும்பு வேண்டியதில்லை. இவ்விதழை வாசிக்கும் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் சூரியா நிறுவனம் கனவிலும் கண்டிராத கருவி இருக்கிறது. ஆகவே சங்கத்தாரை நோக்கி என் கோரிக்கை இது. மலர் வெளியீட்டுக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஊவாவுக்கு ஒதுக்குங்கள். விடுமுறையில் ஐவர் ஐவராகப் பசறை, நமுனுகுலை, அப்புத்தளை, அல்துமுல்லைத் தோட்டங்களுக்குச் செல்வோம். விரிவுரையாளர்களுக்கும் ஒன்று: ஒலி இணைக்கப்படாத நாட்டார் பாடல் ஆய்வேட்டுக்கு இனிப் புள்ளி வழங்காதீர்கள். பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, பாட்டைக் கட்டியவர் இன்னார் என்று பாடுபவர் சொல்லும் பெயர் ஆகிய நான்கும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவரவர் குரலிலேயே இருக்க வேண்டும். பதிவின் ஒரு பிரதி பாடியவரின் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பெயரைச் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது.

மாசியில் தோட்டங்களிற் காமன் ஊன்றுவர். கூத்து இரவிரவாக நடக்கும். முதியவர் பாட, இளையவர் தப்படிப்பர். வர விரும்புவோர் தைப்பொங்கலுக்கு முன் சங்கச் செயலாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். குளிருக்குக் கம்பளி எடுத்து வாருங்கள். தங்குவதற்கு எங்கள் லயத்தில் இடம் உண்டு.