ஆத்துக்குப் போகலாமா என்று கேட்டால் எங்கள் வீட்டில் கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் மாதம் திடீரென்று எங்கள் வட்டாரம் பிரபலமாகிவிட்டது. கூமாபட்டி இளைஞர் ஒருவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, ஊட்டியும் கொடைக்கானலும் எதற்கு, எங்கள் ஊருக்கு வாங்க என்று கூப்பிட்ட இன்ஸ்டாகிராம் காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பிளவக்கல் அணைப் பூங்காவை மேம்படுத்த அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியதாகவும் பிறகு செய்தி வந்தது.

நான் பக்கத்து ஊர், வ. புதுப்பட்டி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். சென்னையிலிருந்து தோழர்கள் போன் பண்ணி, “உங்க ஊர்ப் பக்கம் இவ்வளவு அழகா தோழர், சொல்லவே இல்லையே” என்றார்கள். நான் என்ன சொல்வது? மேற்கே திரும்பினால் மலை. மழை பெய்தால் ஓடை. வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. அழகுதான். ஆனால் இருபத்தொன்பது வயது வரைக்கும் நான் என் அம்மாவை ஒருநாள்கூட அந்தத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போனதில்லை. அம்மா அந்த அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் முப்பது வருடமாக நாற்று நடுகிறார். அணையைப் பார்த்ததில்லை.

போன பொங்கல் விடுமுறையில் ஒருநாள் எங்காவது போகலாம் என்று முடிவு செய்தோம். அம்மா, மதினி, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், நான். கையில் ஆயிரத்து ஐநூறு ரூபாய். எங்கே போவது என்று உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஏனென்றால் சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தப் பேச்சை எழுதுவதில்லை.

முதலில் குற்றாலம். பிள்ளைகளுக்கு அதுதான் ஆசை. ஆனால் குற்றாலத்தின் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தை மாதத்தில் போனால் தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வேன் வாடகையே கையிருப்பைத் தாண்டியது.

அடுத்தது பாபநாசம், தாமிரபரணி. வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு, நல்ல படித்துறை. நான் சொன்னதும் அம்மா, “அந்த ஆத்துக்கு வேண்டாம்யா” என்றார். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் அந்த ஆற்றில் செத்தார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் அடக்கம். கூலியும், சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும்தான் அவர்கள் கேட்டது. இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. மற்றவர்களுக்குத் தாமிரபரணி என்றால் அல்வாவும் அருவியும் ஞாபகம் வரும். எங்கள் தெருவில் அந்தப் பேரைச் சொன்னால் பெரியவர்களுக்கு வேறு ஞாபகம் வருகிறது.

மூன்றாவது ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆறு. பக்கம், செலவு குறைவு. ஆனால் அது காட்டுக்குள் இருக்கிறது. மழை வந்தால் வனத்துறை விடாது. செண்பகத்தோப்பும் அப்படித்தான். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு கட்டுப்பாடு கூடியிருக்கிறது. காட்டைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் பளியர் மக்களை மறந்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நாம் ஒருநாள் விருந்தாளி. அது அவர்கள் வீடு.

கடைசியில் பிளவக்கல்தான் மிஞ்சியது. அப்போது அம்மா கேட்டார்: “அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாகல்ல?”

செலவு எவ்வளவு, பஸ் இருக்கா, கக்கூஸ் இருக்கா என்றெல்லாம் மதினி ஏற்கனவே கேட்டிருந்தார். அம்மாவுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அவருடைய அகராதியில் வசதி என்றால் அதுதான்.

என்ன கேட்பார்கள் என்று ஊர்ப்பக்கத்துத் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நகரத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் நண்பர்கள் மூன்று பேரும் மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்குக் குளிக்கப் போனோம். எந்த ஓடை என்பது முக்கியமில்லை. ஒரு வேன் வந்து நின்றது. வேனில் ஆண்ட பரம்பரைப் பாட்டு. இறங்கியவர்கள் கையில் எல்லாம் ஒரே நிறத்தில் கயிறு. எங்கள் வயதுதான். சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். “எந்த ஊருப்பா?” சொன்னோம். “ஊருக்குள்ளயா?” அந்த இரண்டாவது கேள்விதான் கேள்வி. என் நண்பன் ஒருவன் சட்டென்று வேறு தெருவின் பேரைச் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். பிறகு நாங்களாகவே எழுந்து கீழே இருந்த இன்னொரு கிடங்குக்குப் போய்விட்டோம். அவர்கள் மேலே சோப்புப் போட்டுக் குளித்த தண்ணீர் எங்களிடம் வந்தது.

யாரும் எங்களை அடிக்கவில்லை. போ என்றுகூடச் சொல்லவில்லை. புகார் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பொய் சொன்னவன் நாங்கள். பல வருடம் அந்த நண்பனும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

“சாதி எங்கே இருக்கு? ஆத்துல எல்லாரும்தான் குளிக்கிறாங்க” என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: குளிக்கப் போகும்போது உங்கள் தெருப் பேரை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு என்றைக்காவது வந்திருக்கிறதா?

தண்ணீரும் சாதியும் பற்றிய சண்டை புதிதல்ல. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் அதை ஏற்றது. காகிதத்தில் திறந்த குளத்தில் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார். அதற்காக மக்கள் அடிபட்டார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இழுத்தடித்து 1937இல்தான் முடிந்தது. நம் பக்கத்தில் 1924இலேயே இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு குளிக்கும் படித்துறையையும் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. படித்துறை என்ற சின்ன விஷயத்தை ஒரு நாட்டின் அரசமைப்பில் எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால் அதன் பின்னால் எவ்வளவு அவமானம் இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

போகிற வழிக்கும் ஒரு கதை உண்டு. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1997இல் தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரர் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதியவாதிகள் கிளம்பினார்கள். எங்கள் வட்டாரம் உட்பட தென்மாவட்டங்களில் கலவரம். உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன. அந்த ஆண்டு ஜூலையில் அரசு ஒரு தீர்வு கண்டுபிடித்தது: எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பேரை எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. ஒரு பேரைச் சகிக்க முடியாதவர்களுக்காக எல்லாப் பேரும் போயிற்று. இன்று நான் ஏறும் பஸ்ஸில் எந்தத் தலைவர் பேரும் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெற்றிடம் யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

அதே பஸ்தான் இன்று என் அம்மாவையும் மதினியையும் காசில்லாமல் கூட்டிப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதை வேலைக்குப் போவதற்கான சலுகை என்று மட்டும் நாம் பேசுகிறோம். என் அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, துஷ்டிக்கோ அல்லாமல் ஒரு பஸ்ஸில் ஏறினார். அதுவும் இந்தத் திட்டத்தின் பலன்தான்.

மதினி புளிச்சாதமும் உருளைக்கிழங்கும் கட்டினார். நாங்கள் போன நேரத்துக்கு அணை வரை பஸ் இல்லை. கூமாபட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம், போக வர முந்நூறு ரூபாய். பிள்ளைகளுக்கு ஐஸும் சுண்டலும், எனக்கு டிக்கெட். எல்லாம் சேர்த்து ஐநூறைத் தொட்டது. அணையில் குளிக்க அனுமதி இல்லை. ஆழம், சகதி, ஆபத்து. அதை மதியுங்கள், ரீல்ஸுக்காக இறங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்தால்தான் தண்ணீரைப் பார்க்கலாம் என்பதையும் வெளியூர்த் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மா கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். “இந்தத் தண்ணியா நம்ம வயலுக்கு வருது” என்றார். நம்ம வயல் என்றுதான் சொன்னார். எங்களுக்கு வயல் கிடையாது.

சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு குடும்பம். அந்த அம்மா என் அம்மாவிடம், “எந்த ஊருக்கா?” என்று கேட்டார். அம்மா ஊர் பேரைச் சொன்னார். பிறகு அவர் முகம் இறுகியதை நான் பார்த்தேன். இரண்டாவது கேள்விக்குத் தயாராகிறார். அந்த அம்மா கேட்டது, “திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு, தெரியுமா?” என்பதுதான். பிறகு இரண்டு பேரும் முழங்கால் வலி பற்றி அரைமணி நேரம் பேசினார்கள்.

இதை வைத்துச் சாதி போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். அன்றைக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான். ஒரு குடும்பம் ஒருநாள் நிம்மதியாக உட்கார்ந்து சோறு தின்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: வேங்கைவயலில் குடிக்கிற தண்ணீரில் மலம் கலந்த நாட்டில் பிக்னிக் ஒரு பிரச்சினையா? 2022 டிசம்பரில் நடந்த அந்தக் கொடுமையை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் நம் மக்களின் வாழ்க்கையை வேலை, வன்கொடுமை, போராட்டம் என்று மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். ஓய்வும் சந்தோஷமும் வேறு யாருக்கோ உரியவை என்பதும் சாதி சொல்லிக்கொடுத்ததுதான். மகாடில் குடித்த தண்ணீர் தாகத்துக்காக மட்டும் குடித்ததில்லை. நாங்களும் மனிதர்கள் என்று நிறுவக் குடித்தது. என் அம்மா அணைக்கரையில் புளிச்சாதம் தின்றதையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

பூங்காவுக்குப் பணம் வருகிறது என்றால் அது யாருக்கான பூங்கா என்று இப்போதே கேட்க வேண்டும். வாரக்கடைசியில் கரை வரை நகரப் பேருந்து வேண்டும். இல்லையென்றால் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அணை. பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இலவசமாக வேண்டும். நாங்கள் போய்வந்த நீர்நிலைகளில் இது இருந்தது அபூர்வம். வாகனங்களில் சாதிக்கொடி, சாதிப்பாட்டோடு வருவதைச் சோதனைச் சாவடியிலேயே நிறுத்த வேண்டும். பள்ளியில் வண்ணக் கயிறு கூடாது என்று 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. அந்தக் கயிறு பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. படித்துறை வரை வருகிறது. சாதி பார்த்துத் தடுப்பது குற்றம் என்று 15ஆம் பிரிவையும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் குறிப்பிட்டு, புகார் எண்ணோடு ஒரு பலகை வைக்க வேண்டும். ‘குளிக்கத் தடை’ என்று எழுத இடம் இருக்கிறதே, இதற்கும் இருக்கும்.

மற்ற சாதிகளில் பிறந்த இளம் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் நண்பர்கள் வேனில் அந்தப் பாட்டைப் போடும்போது நிறுத்தச் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒருவரிடம் உங்கள் நண்பன் இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது குறுக்கே பேசுங்கள். அந்த ஓடையில் எங்களுக்காக ஒருவன் அப்படிப் பேசியிருந்தால் நாங்கள் கீழே போயிருக்க மாட்டோம்.

திரும்பி வரும்போது அண்ணன் மகள், அடுத்த வருஷம் குளிக்கிற இடமாகப் போகலாம் என்றாள். சரி என்றேன். அந்தப் பழைய நண்பனுக்கும் அன்று ராத்திரி போன் பண்ணினேன். அடுத்த மழைக்கு அதே ஓடைக்குப் போவதாக இருக்கிறோம். இந்த முறை யாராவது கேட்டால் எங்கள் தெருவின் பேரைத்தான் சொல்வோம்.