இரு மொழிகள், ஒரே அளவுகோல்

ஜூன் 16-ஆம் நாளைத் தென்னாப்பிரிக்கா ஆண்டுதோறும் இளைஞர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. 1976-இல் அந்நாளில்தான் சொவேட்டோவின் கறுப்பின மாணவர்கள் வகுப்பறைகளைத் துறந்து வீதிக்கு வந்தனர். கணிதத்தையும் சமூகப் பாடங்களையும் ஆப்பிரிகான்ஸ் மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற நிறவெறி அரசின் 1974-ஆம் ஆண்டு ஆணையே உடனடிக் காரணம். பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர்கள் பலருக்கே அம்மொழி சரிவரத் தெரியாது. காவல்துறை சுட்டது. முதலில் வீழ்ந்தோருள் ஒருவனான ஹெக்டர் பீட்டர்சனுக்கு வயது 12. சில வாரங்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது; அதற்குள் கிளர்ச்சி நாடெங்கும் பரவிவிட்டது.

ஒடுக்குவோரின் மொழி என்று உலகம் அன்று அறிந்துகொண்ட அந்த ஆப்பிரிகான்சின் பிறப்பு வேறு வகையானது. கேப் குடியேற்றத்தில் டச்சு எசமானர்களுக்கும் அடிமைகளுக்கும் கொய்கொய் பணியாளர்களுக்கும் இடையே அது உருவாயிற்று. அந்த அடிமைகளுள் மலாய்த் தீவுகளிலிருந்து மட்டுமன்றி வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டோரும் இருந்தனர். கனவான்கள் அதைச் சமையலறை மொழி என்று இகழ்ந்தனர். அம்மொழியின் தொடக்ககால நூல்களுள் சில அரபு எழுத்தில் எழுதப்பட்டவை. கேப் முஸ்லிம்களுக்காக அபூபக்கர் எஃபெண்டி எழுதிய சமய நூல் 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. வெள்ளைத் தேசியவாதிகள் அதைத் தம் இனத்தின் தனிச்சொத்தாக அறிவித்துக்கொண்டது பின்னர் நடந்தது. 1925-இல் அது அரசு மொழியாயிற்று. 1948-க்குப் பின் நிறவெறியின் நிர்வாக மொழியாயிற்று. போயர் போரில் தோற்றபின் பள்ளிகளில் ஆங்கிலத் திணிப்பை அனுபவித்த மக்களின் வாரிசுகளே, அதே திணிப்பைச் சொவேட்டோவில் செய்தார்கள்.

ஆயினும், ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடி, பின்னர் தாமே ஆயுள் தண்டனை பெற்ற கம்யூனிஸ்ட் வழக்கறிஞர் பிராம் ஃபிஷரின் தாய்மொழியும் ஆப்பிரிகான்ஸ்தான். 1975-இல் சிறையிலடைக்கப்பட்ட கவிஞர் பிரெய்டன் பிரெய்டன்பாக் எழுதியதும் அம்மொழியிலேயே. இன்று அதைத் தாய்மொழியாகக் கொண்டோருள் பெரும்பான்மையினர் வெள்ளையரல்லர். விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்கா அதைத் தடைசெய்யவில்லை. 1996 அரசியல் சட்டத்தின் 11 ஆட்சிமொழிகளுள் ஒன்றாக, ஜூலுவுக்கும் ஷோசாவுக்கும் நிகராக அமர்த்தியது. பறிக்கப்பட்டது அதன் ஆதிக்கம் மட்டுமே.

இதே அளவுகோலைக் கொண்டு உய்குர் மொழியின் நிலையையும் அளந்து பார்க்க வேண்டும். சீனத்தின் சிஞ்சியாங்கில் ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் உய்குர் மக்கள் வாழ்கின்றனர். உஸ்பெக்குக்கு நெருங்கிய துருக்கிய மொழி அவர்களுடையது. அவர்கள் தம் முன்னோராகப் போற்றும் மஹ்மூத் அல்-காஷ்கரி 11-ஆம் நூற்றாண்டிலேயே துருக்கிய மொழிகளுக்கு அகராதி தொகுத்தவர். 1955-இல் சிஞ்சியாங் உய்குர் தன்னாட்சிப் பகுதி அமைக்கப்பட்டபோது அவர்கள் மொழிக்கும் பள்ளிகளும் அச்சகங்களும் கிடைத்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. இடையில் லத்தீன் எழுத்து புகுத்தப்பட்டு, 1982-இல் அரபு எழுத்து மீட்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பள்ளி சென்ற தலைமுறை, பெற்றோரின் நூல்களைப் படிக்க இயலாமல் தவித்தது. எல்லாத் தேசிய இனங்களுக்கும் தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் உரிமை உண்டு என்று சீன அரசியல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. சீன நாணயத்தாள்களில் இன்றும் உய்குர் எழுத்து இடம்பெற்றுள்ளது.

வகுப்பறை நிலை வேறு. 2002 முதல் சிஞ்சியாங் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடங்களுக்குச் சீனமே பயிற்றுமொழியாயிற்று. 2004 முதல் 'இருமொழிக் கல்வி' என்ற பெயரில் பள்ளிகளில் உய்குர் சுருங்கிச் சுருங்கி ஒரு பாடமாக ஒடுங்கியது. 2021-இல் சிறுபான்மை இனப் பகுதிகளின் மழலையர் பள்ளிகளும் பொதுச் சீன மொழியையே பயன்படுத்த வேண்டும் என்று கல்வி அமைச்சகம் அறிவித்தது. அதே ஆண்டு, பல்லாண்டுகள் அரசுப் பள்ளிகளில் பயன்பட்ட உய்குர் பாடநூல்களுக்காக, சிஞ்சியாங் கல்வித்துறையின் முன்னாள் தலைவர் சத்தார் சாவுத்துக்கு இரண்டாண்டு நிறுத்திவைப்புடன் கூடிய மரண தண்டனை விதிக்கப்பட்டது. இதைச் சொன்னது மேற்கத்திய ஊடகம் மட்டுமன்று. சிஞ்சியாங் நீதித்துறையே செய்தியாளர்களிடம் அறிவித்தது.

வாஷிங்டனின் கண்ணீரை நம்பச் சொல்வார் யாருமில்லை. மண்டேலாவின் பெயரை 2008 வரை பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்த நாடு அது. உய்குர்கள் 22 பேரைக் குவாண்டனாமோவில் அடைத்து வைத்ததும் அதுவே. ஆனால் அமெரிக்காவின் கபடத்தால் மூடப்பட்ட உய்குர் வகுப்பறை ஒன்றுகூடத் திறக்கப் போவதில்லை. ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெயரால் இதைப் பேசாமல் விடுவோர், லெனின் 1914-இல் கட்டாய அரசு மொழி குறித்து எழுதிய கட்டுரையை மீண்டும் எடுத்துப் படிக்கலாம். துர்கனேவும் டால்ஸ்டாயும் எழுதிய மொழியின் மேன்மையை மறுக்காமலே, அதை எவர்மீதும் தடியால் ஏற்றக் கூடாது என்று வாதிட்டவர் அவர். வாழ்க்கைத் தேவையும் வணிகத் தொடர்பும் மக்களை அம்மொழியிடம் கொண்டுசேர்க்கும், கட்டாயமோ வெறுப்பையே விளைக்கும் என்பது அவர் கணக்கு. உய்குர் இளைஞன் வேலைக்காகவும் படிப்புக்காகவும் சீனம் கற்பதை எவரும் எதிர்க்கவில்லை. அதைக் கற்பதற்கு விலையாகத் தன் மொழிப் பள்ளியை அவன் ஏன் இழக்க வேண்டும் என்பதே கேள்வி.

இந்தியாவில் இந்தித் திணிப்பை எதிர்க்கும் இடதுசாரிக் கட்சிகள், பெய்ஜிங்குடன் தமக்குள்ள உறவைப் பயன்படுத்தி இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்ப வேண்டும். உய்குர் பயிற்றுமொழிப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட வேண்டும். பாடநூலுக்காகத் தண்டிக்கப்பட்டோர் விடுவிக்கப்பட வேண்டும். 4-ஆம் பிரிவு வகுப்பறையிலும் செல்லுபடியாக வேண்டும்.